வின்னிபெக் போகும் மகளுக்கு ஆன்லைனில் எந்தக் குல்லா வாங்குவது?

ஜனவரி முதல் வாரத்தில் உங்கள் மகள் மேற்படிப்புக்காகக் கனடாவின் வின்னிபெக் நகருக்குப் போகிறார். ஆன்லைன் கடைகளில் குளிர்காலக் குல்லா 349 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 5,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. எல்லாவற்றின் கீழும் ‘கடுங்குளிருக்கு ஏற்றது’ என்று ஒரே வரி. மூன்றின் விவரங்களைக் கொடுத்து இவற்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்: முதலாவது 349 ரூபாய் அக்ரிலிக் (செயற்கை இழை) குல்லா, இரண்டாவது 1,899 ரூபாய் மெரினோ (மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி) குல்லா, மூன்றாவது 2,400 ரூபாய் ரஷ்யத் தொப்பி. ஆனால் உங்கள் உண்மையான கவலை கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது: “தொட்டுப் பார்க்காமல் எப்படி நம்புவது?” அதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில். மூன்றில் எது என்பதையும் முடிவில் சொல்லிவிடுகிறேன். காரணம் புரிந்துவிட்டால், நாளைக்கு நான்காவதாக ஒன்று கண்ணில் பட்டாலும் நீங்களே தீர்மானித்துவிடலாம்.

நான் படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். திருப்பூரில் ஏற்றுமதிப் பனியன் கம்பெனிகளில் தரப் பரிசோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது உங்கள் மகள் வரப்போகும் அதே வின்னிபெக்கில் குடியிருக்கிறேன். ஆகவே பின்னல் துணியைப் பற்றியும் இந்த ஊர்க் குளிரைப் பற்றியும் உறுதியாகப் பேச முடியும். தோல், விலங்கு ரோமம் வைத்த தொப்பிகளைப் பற்றி நான் சொல்வதை மட்டும் ஒரு சாதாரண உபயோகிப்பாளரின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை நான் தொழில்முறையில் சோதித்தவன் அல்ல.

முதலில் குளிரைப் பற்றி. வின்னிபெக்கில் ஜனவரி மாதப் பகல்கள் சராசரியாக மைனஸ் 12 டிகிரியை ஒட்டியும் இரவுகள் மைனஸ் 21 டிகிரியை ஒட்டியும் இருக்கும். மைனஸ் 30-ஐத் தொடும் நாட்களும் உண்டு. ஊட்டியில் டிசம்பர் இரவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும்போது சாலையோரத்தில் வாங்கிய குல்லா நன்றாகவே உழைத்திருக்கும். அந்த அனுபவத்தை வைத்து இங்கே கணக்குப் போடக் கூடாது. வெப்பநிலை வித்தியாசம் ஒரு காரணம், காற்று அதைவிடப் பெரிய காரணம். வின்னிபெக் சமவெளியின் நடுவில் கிடக்கிறது. காற்றைத் தடுக்க மலை எதுவும் கிடையாது. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தோலுக்கு அது மைனஸ் 33 போல இருக்கும் என்பது இங்கே வானிலை அறிக்கையில் தரப்படும் கணக்கு. அந்த அளவில், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம் என்று கனடாவின் சுற்றுச்சூழல் அமைச்சகம் எச்சரிக்கிறது. பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரம் அவ்வளவுதான். முதலில் பாதிக்கப்படுவது காது மடல், மூக்கு நுனி, கன்னம், விரல்கள்.

இங்கே ஒரு கட்டுக்கதையைத் தள்ளிவைத்துவிடலாம். ‘உடல் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது’ என்று விற்பனை விவரத்தில் எழுதியிருப்பார்கள். அது உண்மையல்ல. 1950-களில் அமெரிக்க ராணுவம் செய்த சோதனைகளில், உடல் முழுவதையும் கடுங்குளிர் உடையால் மூடி, தலையை மட்டும் திறந்துவைத்து அளந்த கணக்கிலிருந்து இந்தக் கதை கிளம்பியதாகச் சொல்லப்படுகிறது. தலையை மட்டும் திறந்து வைத்தால் சூடு தலை வழியாகத்தானே போகும்! 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரை இதை மருத்துவக் கட்டுக்கதைகளின் வரிசையில் வைத்து மறுத்தது. பெரியவர்களுக்கு உடலின் மேற்பரப்பில் தலையின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று, சூட்டு இழப்பும் பெரும்பாலும் அந்த விகிதத்தில்தான். அதற்காகக் குல்லா வேண்டாம் என்று ஆகிவிடாது. காது உறைவதைத் தடுக்கக் குல்லா கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த வரியை நம்பி விலை கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

ஆக, நான் குல்லாவைப் பார்க்கும் வரிசை இது: காதை மூடுகிறதா, காற்றைத் தடுக்கிறதா, அதன் பிறகுதான் என்ன நூல். கடைக்காரர்கள் இதைத் தலைகீழாக, நூலின் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வாங்குபவரும் அந்த வழியிலேயே போய்விடுகிறார்.

காது மூடுவதைப் படத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். மாடல் பெண் குல்லாவை எவ்வளவு கீழே இழுத்துவிட்டிருக்கிறார் என்பது புகைப்படக்காரரின் விருப்பம். அதற்குப் பதிலாக வீட்டில் ஓர் அளவு எடுங்கள். தையல் டேப்பை மகளின் ஒரு காது மடலின் அடியில் வைத்து, உச்சி வழியாக மறு காது மடலின் அடிவரை கொண்டுவந்து, வந்த அளவைப் பாதியாக்குங்கள். பெரும்பாலும் 20 சென்டிமீட்டரை ஒட்டி வரும். குல்லாவின் விளிம்பை மடித்துவிட்ட நிலையில் அதன் உயரம் இந்த அளவைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். ‘மடித்துவிட்ட நிலையில்’ என்பது முக்கியம். விளிம்பு 6 அல்லது 7 சென்டிமீட்டர் அகலத்துக்கு மடிந்தால் காதின் மேல் துணி இரண்டு அடுக்காக நிற்கும். குல்லாவே இரட்டை அடுக்காக இருந்தால் அங்கே நான்கு அடுக்கு. எந்த இடத்துக்கு அதிகப் பாதுகாப்பு வேண்டுமோ அந்த இடத்தில் கனம் சேருகிறது. நீங்கள் காட்டிய முதல் குல்லாவின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மடிப்பு போல் தெரிவது மடிப்பே அல்ல, வேறு நிறத்தில் ஒரு பட்டை தைத்திருக்கிறார்கள். கீழே இழுத்துவிட அதில் துணி கிடையாது.

தலையின் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். புருவத்துக்குச் சற்று மேலே ஆரம்பித்து, பின்னந்தலையில் மேடான இடத்தைச் சுற்றிவர வேண்டும். குல்லாவைத் தரையில் விரித்துவைத்த அகலம் 20 முதல் 23 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தால் திகைக்க வேண்டாம். இருமடங்காக்கினாலும் தலையைவிடக் குறைவாகத்தான் வரும், அப்படித்தான் வர வேண்டும். ரிப் பின்னல், அதாவது கோடு கோடாக மேடு பள்ளமாக வரும் பின்னல், விரிந்து பிடித்துக்கொள்வதற்கே அந்தக் குறைவு. ‘எல்லோருக்கும் ஒரே அளவு’ என்று மட்டும் எழுதி, சென்டிமீட்டரே போடாத பக்கத்தை நான் மூடிவிடுவேன். உங்கள் மகளுக்கு நீளமான தலைமுடி இருந்தால், அங்கே எப்படிக் கட்டிக்கொள்ளப்போகிறாரோ அப்படிக் கட்டிய பிறகு அளக்க வேண்டும். கொண்டையை உயர்த்திப் போட்டால் குல்லா மேலேறிக் காது வெளியே வந்துவிடும். கழுத்தை ஒட்டிய தாழ்ந்த பின்னல்தான் குல்லாவுக்குத் தோது.

அடுத்தது காற்று. பின்னல் துணி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அது கண்ணிகளால் ஆனது. கண்ணிக்குக் கண்ணி இடைவெளி உண்டு. நூலுக்குள் அடைபட்டிருக்கும் அசையாத காற்றுதான் நமக்குச் சூட்டைக் காத்துத் தருகிறது. வெளிக்காற்று உள்ளே புகுந்து அதைத் தள்ளிவிட்டால் மிக விலையுயர்ந்த மெரினோவும் கொசுவலைதான். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, காற்றுத் தடுப்புச் சவ்வு வைத்த உள்துணி உள்ள குல்லா. மற்றொன்று, சாதாரணக் குல்லாவின் மேல் ஜாக்கெட்டின் தலைமூடியை (ஹூட்) போட்டுக்கொள்வது. நான் இரண்டாவது கட்சி. சவ்வு வைத்த குல்லா காதை மொத்தமாக அடைத்துவிடுவதால் சாலையைக் கடக்கும்போது வண்டி வரும் சத்தம் மங்கிக் கேட்கிறது. பஸ்ஸுக்குள் ஏறியதும் வேர்க்கிறது. தலைமூடியாக இருந்தால் தேவைப்படும்போது போட்டு, உள்ளே வந்ததும் தள்ளிவிடலாம். ஆனால் இதற்குக் குல்லா தலைமூடிக்குள் அடங்க வேண்டும். உச்சியில் பெரிய பந்து தொங்கும் குல்லாவும், காதுமடல் வைத்த ரஷ்யத் தொப்பியும் அடங்காது.

உள்துணியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இது திருப்பூர்க்காரனாகச் சொல்வது. ‘ஃப்ளீஸ்’ என்ற ஒரே பெயரில் இரண்டு துணிகள் விற்கப்படுகின்றன. திருப்பூரில் நாங்கள் ஃப்ளீஸ் என்றால், மூன்று நூலில் ஓட்டி உள்பக்கத்தைப் பிரஷ் செய்த பருத்தித் துணி. ஸ்வெட் ஷர்ட்டுக்குள் மெத்தென்று இருக்குமே, அது. குளிர்நாடுகளில் குல்லாவுக்கு வைப்பது முழுக்கப் பாலியெஸ்டரில் ஆன, இருபுறமும் பொசுபொசுப்பான போலார் ஃப்ளீஸ். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் காயும். பனியில் நடந்துவிட்டு நின்றால் அந்த ஈரமே நெற்றியைக் குளிர்விக்கும். பாலியெஸ்டர் இழை ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஆகவே ‘ஃப்ளீஸ் லைனிங்’ என்று பார்த்ததும் நின்றுவிடாமல் அது எந்த இழை என்று தேடுங்கள். பருத்தி என்றால் இந்த ஊருக்கு வேண்டாம். ‘ஃபர் லைனிங்’ என்று நம் ஊர்த் தளங்களில் போடுவதும் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரோமத் துணிதான். அது கெட்டதல்ல, சூடாகவே இருக்கும். சில துவைப்புக்குப் பிறகு கட்டிகட்டியாகத் திரண்டு அழகு போய்விடும், அவ்வளவுதான்.

இப்போது நூலுக்கு வருவோம். இதில் சொல்ல நிறைய இருக்கிறது. சூட்டைக் காப்பதில் இழையின் பெயரைவிடத் துணியின் தடிமன் முக்கியம். ஒரே தடிமனில் பின்னிய அக்ரிலிக் குல்லாவும் கம்பளிக் குல்லாவும், காய்ந்த நிலையில், சூட்டில் பெரிய வித்தியாசம் காட்டாது. வித்தியாசம் தெரிவது ஈரத்தில். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம்வரை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இழுக்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடும். சூடான வகுப்பறையிலிருந்து வெளியே, வெளியிலிருந்து பஸ்ஸுக்குள், மறுபடி வெளியே என்று நாள் முழுவதும் மாறிக்கொண்டிருக்கும் மாணவிக்கு இந்தக் குணம்தான் கம்பளிக்குப் பணம் கொடுப்பதற்கான நியாயம். நாற்றம் சீக்கிரம் பிடிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் துவைக்க முடியாத பொருள் அல்லவா.

கம்பளியில் உறுத்தும் கம்பளி, உறுத்தாத கம்பளி என்று இரண்டு உண்டு. அதை நிர்ணயிப்பது இழையின் குறுக்களவு. 30 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய முரட்டு இழைகள் நூலில் கொஞ்சம் அதிகமாகக் கலந்தாலே அவற்றின் முனைகள் வளையாமல் தோலைக் குத்தும். மெரினோவில் ஆடைக்கு எடுப்பது பெரும்பாலும் 17 முதல் 20 மைக்ரான். அது நெற்றியில் உறுத்தாது. ‘கம்பளி என்றாலே எனக்கு அலர்ஜி’ என்பவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது இந்தக் குத்தல்தான். ஆகவே மைக்ரான் எண் போட்டிருக்கும் பக்கத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். நீங்கள் காட்டிய இரண்டாவது குல்லாவில் 19.5 மைக்ரான் என்று போட்டிருக்கிறார்கள். விற்பவருக்குத் தன் நூல் என்னவென்று தெரிந்திருக்கிறது.

பெயர்களில் ஏமாறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுத் தளங்களில் ‘வூலன் கேப்’ என்பது கம்பளிக் குல்லா என்ற பொருளில் வருவதில்லை. குளிருக்குப் போடும் பின்னல் குல்லா என்ற அளவில்தான் எழுதுகிறார்கள். விவரத்தைத் திறந்தால் முழு அக்ரிலிக் என்றிருக்கும். ‘கேஷ்மிலான்’ என்பதைப் பார்த்து காஷ்மீர் கம்பளியோ என்று நினைக்க வேண்டாம், அதுவும் அக்ரிலிக்தான். ‘மெரினோ டச்’, ‘கேஷ்மியர் ஃபீல்’ என்றால் அதில் மெரினோவோ கேஷ்மியரோ இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அசல் கேஷ்மியர், ஆட்டின் அடிரோமத்தைச் சீவி எடுப்பது. ஓர் ஆட்டுக்கு ஆண்டுக்கு சுமார் 200 கிராமோ அதற்கும் குறைவாகவோதான் கிடைக்கும். அதில் பின்னிய குல்லாவை 600 ரூபாய்க்குத் தருகிறேன் என்பவரிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. ‘வூல் பிளெண்ட்’ என்று மட்டும் போட்டு, எத்தனை சதவீதம் என்று சொல்லாவிட்டால், கம்பளி பெயருக்குத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 சதவீதத்துக்கு மேல் கம்பளியும் மீதி நைலானும் என்றால் அது நல்ல கலவை. நைலான் தேய்மானத்தைக் குறைக்கும். கலப்பு என்றதும் மட்டம் என்று எண்ண வேண்டாம்.

இதுவரை சொன்னதில் ஒரு போக்கு உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். திரையில் தொட முடியாது. ஆனால் விற்பவர் எழுதிய எண்களைப் படிக்க முடியும். இழைச் சதவீதம், மைக்ரான், சென்டிமீட்டர், எடை: இவற்றில் பொய் சொன்னால் பொருளைச் சோதித்துப் பார்க்கும்போது அம்பலமாகிவிடக்கூடும். அதனால் துணிந்து பொய் எண் போடுபவர்கள் குறைவு. பெயரடைகளுக்கு அந்தப் பயம் இல்லை. ‘பிரீமியம்’, ‘அல்ட்ரா சாஃப்ட்’ என்று எதை வேண்டுமானாலும் எழுதிவிட்டுப் போகலாம். எண்களில் பலரும் கவனிக்காதது எடை. ஒற்றை அடுக்கு மெரினோ குல்லா 40 முதல் 60 கிராமுக்குள் இருக்கும். இரட்டை அடுக்கோ, உள்துணி வைத்ததோ 80-க்கு மேல், 130 கிராம்வரை போகும். ‘தடிமனானது, இரட்டை அடுக்கு’ என்று எழுதிவிட்டு எடை 45 கிராம் என்றால் இரண்டில் ஒன்று பொய். பெட்டியோடு சேர்த்த எடையா, பொருளின் எடையா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படங்களிலும் படிக்க விஷயம் உண்டு. தலையில் மாட்டிய படத்தைப் பெரிதாக்கி, நெற்றியை ஒட்டி ரிப் கோடுகளுக்கு நடுவே பாருங்கள். கோடுகளுக்கிடையில் முடியோ, தோலோ, உள்துணியின் நிறமோ தெரிந்தால் பின்னல் தளர்ச்சி. ஒரு மாதத்தில் விளிம்பு தொளதொளவென்று ஆகிவிடும். அடுத்து உச்சி. நன்றாகப் பின்னிய குல்லாவில் கண்ணிகள் படிப்படியாகக் குறைந்து, நான்கோ ஆறோ கோடுகளாக நடுவில் வந்து கூடும். மலிவான குல்லாவில் குழாய் போல் பின்னி, உச்சியை நூலால் சுருக்கி இழுத்துக் கட்டியிருப்பார்கள். சுருக்கு முடிச்சை மறைக்கவே பல நேரம் மேலே பந்து வருகிறது. இதனால் சூடு குறையாது. ஆனால் ஜாக்கெட் தலைமூடியின் அழுத்தத்தில் அந்த முடிச்சு நாள் முழுவதும் உறுத்தும், நூல் விட்டுப்போனால் உச்சியில் ஓட்டை விழும். உச்சியைக் காட்டும் படமும் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டும் படமும் போட்டிருக்கும் விற்பனையாளர் எனக்குப் பிடித்தமானவர்.

வாங்கியவர்களின் கருத்துகளைப் படிக்கும்போது நட்சத்திரச் சராசரியை விட்டுவிடுங்கள். ‘நல்ல பொருள், சீக்கிரம் வந்தது’ என்பது கூரியரைப் பற்றிய கருத்து. இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதும், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எழுதியதும்தான் பயன்படும். அவர்கள் ஒரு குளிர்காலம் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். மணாலிக்கோ லடாக்குக்கோ போட்டுப்போனேன் என்று யாராவது எழுதியிருந்தால் அதை நிறுத்திப் படியுங்கள். வாங்கியவர்களே போட்ட படங்களில் துணிமேல் உருண்டு திரண்ட நூல் உருண்டைகளைத் தேடுங்கள். மட்டமான அக்ரிலிக்கில் அவை சில வாரங்களிலேயே வந்துவிடும். நல்ல மெரினோவிலும் தொடக்கத்தில் கொஞ்சம் வரும், அது இயல்பு. ஒரே பக்கத்தில் கையுறையைப் பற்றியும் சாக்ஸைப் பற்றியும் கருத்துகள் கலந்து கிடந்தால், வேறு பொருளின் பழைய கருத்துகளை இங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வெளியே வந்துவிடுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாத சில உண்டு. ‘மைனஸ் 40 டிகிரிவரை தாங்கும்’ என்ற வரி அதில் முதலாவது. தூங்கும் பைகளுக்கு வெப்பநிலையைச் சோதித்து எண் தரும் சர்வதேசத் தரநிலை இருக்கிறது. கடைகளில் விற்கும் சாதாரணக் குல்லாவில் போடும் டிகிரி எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் அப்படி எந்தச் சோதனையும் இருப்பதில்லை. மேலே சொன்ன நான்கு எண்களோடு இதைச் சேர்க்க வேண்டாம், இது எண் வேடம் போட்ட பெயரடை. உடல் சூட்டைத் திருப்பி அனுப்பும் வெள்ளிப் புள்ளி உள்துணி குல்லாவில் எவ்வளவு உதவுகிறது என்பதும் எனக்குச் சந்தேகம். அதன் மேல் முடி படிந்திருக்கும் இடத்தில் பெரிய பயனை எதிர்பார்க்க மாட்டேன். பாட்டுக் கேட்க புளூடூத் வைத்த குல்லாவில் ஐயமே இல்லை: கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், துவைப்பதும் தொல்லை. ரோமத் தொப்பி வகையைப் பொறுத்தவரை, நீண்ட நேரம் வெளியே நின்று வேலை செய்பவர்கள் இங்கே விரும்பிப் போடுகிறார்கள், காதுக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு வேறு இல்லை. வகுப்புக்கும் பஸ்ஸுக்கும் அலையும் பெண்ணுக்கு அது சுமை என்பது என் அபிப்பிராயம், அவ்வளவே.

தலையில் எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இதை வெளிநாட்டுக்காரர் எழுதும் வழிகாட்டிகளில் பார்க்க முடியாது. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குல்லாவுக்குள் தலைச் சூட்டில் இளகி நூலில் ஏறும், கழற்றி வைத்ததும் அங்கேயே உறைந்து நிற்கும். சில வாரங்களில் நெற்றிப் பக்கம் பிசுக்கும் சிக்கு வாடையும் வந்துவிடும். கம்பளியைச் சுடுநீரில் போட்டுக் கசக்கி அதை எடுக்கவும் முடியாது, இழைகளின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு குல்லா குழந்தை அளவுக்குச் சுருங்கிவிடும். எண்ணெயை முதல்நாள் இரவு வைத்துக் காலையில் அலசிவிடுவது நல்லது. குல்லாவை மிதமான நீரில், மென்மையான சோப்புத் திரவத்தில் அமுக்கி எடுத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி, படுக்கவைத்து உலர்த்த வேண்டும். சுருள்முடி என்றால் சாட்டின் உள்துணி வைத்த குல்லா முடி உடைவதைக் குறைக்கும். ஹீட்டர் ஓடும் அறைகளில் காற்று மிகவும் வறண்டிருப்பதால் அக்ரிலிக் குல்லாவைக் கழற்றும்போது முடி சடசடவென்று எழுந்து நிற்பதும் உண்டு.

பொருள் வந்ததும், ‘திருப்பி அனுப்பலாம்’ என்ற அவகாசம் முடிவதற்குள், மூன்று சோதனைகள். விளிம்பை இரு கைகளாலும் முழுக்க இழுத்துவிட்டு விடுங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அலையலையாக நின்றுவிட்டால் திருப்பி அனுப்புங்கள். பிறகு துணியை உதட்டோடு வைத்து ஊதி, மறுபக்கம் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கொஞ்சம் காற்று வருவது இயல்பு, தடையே இல்லாமல் வந்தால் ஒற்றை அடுக்குத் தளர்பின்னல். கம்பளி என்று சொன்னது கம்பளிதானா என்பதற்கு நெருப்புச் சோதனை உண்டு. பனியன் கம்பெனிகளில் தினமும் செய்வோம். குல்லாவைத் திருப்பினால் உச்சித் தையலுக்குப் பக்கத்தில் வெட்டிவிட்ட நூல் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு சென்டிமீட்டரை மட்டும் நறுக்கி, சாமணத்தில் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளியானால் தயங்கித் தயங்கி எரியும், முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக்கானால் உருகிக்கொண்டே எரிந்து, ஆறியதும் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும். கலவையில் இரண்டும் சேர்ந்து தெரியும், சதவீதம் தெரியாது. பின்னலில் ஓடும் நூலை இழுத்துவிடாதீர்கள், பிறகு திருப்பி அனுப்ப முடியாது.

இந்தியாவிலேயே வாங்குவதா, வின்னிபெக் வந்து வாங்குவதா என்றும் கேட்டிருந்தீர்கள். முக்கியமான குல்லாவை இங்கே வந்து வாங்கட்டும். கனடாவில் விற்கும் பெரும்பாலான துணிப்பொருட்களில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் லேபிளில் போட்டாக வேண்டும் என்பது சட்டம். டிசம்பர் 26-இல் தொடங்கும் தள்ளுபடிகள் பல கடைகளில் ஜனவரியிலும் நீளும். ஆன்லைனில் தேடும்போது இங்கே பின்னல் குல்லாவை ‘டூக்’ என்றும் சொல்வார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும், நிறைய பொருள் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். இரட்டை அடுக்கு, பாதிக்கு மேல் கம்பளி, அகல மடிப்பு: இவை மூன்றும் இருந்தால் போதும், மிக விலையுயர்ந்த பிராண்ட் தேவையில்லை.

இனி நீங்கள் காட்டிய மூன்று. 349 ரூபாய்க் குல்லா, கழுத்துப்பட்டையோடு வருவது: அக்ரிலிக் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. உயரமும் எடையும் போடவில்லை, மடிப்பு பொய் மடிப்பு, திருப்பி எடுக்க மாட்டோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். வேண்டாம். மூன்றாவது, 2,400 ரூபாய் ரஷ்யத் தொப்பி: வெளித்துணி என்ன, ரோமம் எந்த இழை என்று ஒரு வரிகூட இல்லை. ஜாக்கெட் தலைமூடிக்குள்ளும் அடங்காது. இரண்டாவது, 1,899 ரூபாய் மெரினோ: 100 சதவீதம், 19.5 மைக்ரான், 48 கிராம், அகலம், உயரம் எல்லாம் இருக்கிறது. எடையைப் பார்த்தாலே தெரியும், அது ஒற்றை அடுக்கு. மைனஸ் 25-இல் காற்றோடு அதை மட்டும் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. ஆனால் தலைமூடிக்குள் போட மிகப் பொருத்தம். அக்டோபர், ஏப்ரல் மாதங்களில் தனியாகவே போதும். அதை வாங்குங்கள். உங்கள் உறவினர் ஒருவர் வின்னிபெக் விமான நிலையத்துக்கு ஜாக்கெட் கொண்டுவருவதாக எழுதியிருந்தீர்கள்; அவரிடம், வீட்டில் இருக்கும் தடிமனான குல்லா ஒன்றையும் சேர்த்து எடுத்துவரச் சொல்லிவிடுங்கள். முதல் வாரம் அதில் ஓடிவிடும். ஆர்டர் போடும்போது திருப்பி அனுப்பும் அவகாசம் மகள் கிளம்புவதற்கு முன்பே முடிகிறதா என்று பாருங்கள். காதிலிருந்து காதுக்கு எடுத்த அளவையும் தலைச் சுற்றளவையும் இங்கே எழுதினால், அந்த மெரினோவின் உயரம் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.